ஆகாரதானமும் அடுக்களைக் கல்வியும்

(அட்சய திருதியைப் பெருவிழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அறநெறி போற்றும் பெரியோர்களே, தாய்மார்களே, அறக்கட்டளையின் பொறுப்பாளர்களே, பந்திக்குரிய வேலை முடியாமையால் இவ்வரங்கிற்கு வர இயலாமல் அடுக்களையில் நிற்கின்ற சமையற் பணியாளர்களே! 

இறுதியாக விளித்தேனே, அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். உணவகங்களிலும் விழாச் சமையற்கூடங்களிலும் பணிபுரிவோர்க்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது சில ஆண்டுகளாக என் தொழில். அப்பயிற்சி இப்பொழுது பெரும்பாலும் இணையவழியில் நடைபெறுகிறது. அதனால் விளைந்த நன்மையையும், அது எட்டாமல் நிற்கும் இடத்தையும், ஆண்டுதோறும் பல்லாயிரவர்க்கு அன்னமிடுகின்ற நம்மைப் போன்ற அமைப்புகள் அதில் ஏற்கவேண்டிய பங்கையும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இந்நாளில் இப்பொருளைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆதிநாதராகிய விருஷபதேவர் துறவு பூண்டு, நெடுங்காலம் உண்ணாநோன்பிருந்து, பின்னர் ஆகாரம் ஏற்க ஊர்களுக்குள் எழுந்தருளினார். மக்கள் அவரைக் கண்டு மகிழ்ந்தனர். யானையும் குதிரையும் கொணர்ந்தனர். பொன்னும் மணியும் ஆடையும் நீட்டினர். முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் முறை மட்டும் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மாதங்கள் பல கழிந்தன. அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவால் அம்முறையை உணர்ந்து, கரும்பின் சாற்றை அவர் கைகளில் வார்த்தான். அந்நாளையே அட்சய திருதியையாக நம் மரபு போற்றுகிறது. நாம் அனைவரும் சிறுவயது முதல் கேட்ட வரலாறுதான். ஆயினும் என் மனம் ஊன்றி நிற்கும் இடம் ஒன்று அதில் உண்டு. அந்நாட்டு மக்களிடம் கொடுக்கும் மனம் குறைவுபடவில்லை. முறையறிவுதான் இல்லை. அதனால் ஏற்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார்.

முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும்பொழுது மனசுத்தி, வசனசுத்தி, காயசுத்தி, ஆகாரசுத்தி என்று நாமே நம் வாயால் உறுதி கூறுகிறோம். நீரை வடிகட்டியவர் நாம், தானியத்தைப் பொறுக்கியவர் நாம், சமைத்தவரும் நாம். அவ்வுறுதிமொழிக்கு அங்கே பொருள் உண்டு. விழா நாளில் ஆயிரம் இலை விரிக்கும்பொழுது அவ்வுறுதியை நம் சார்பில் கூறவேண்டியவர் யார்? முந்தின இரவே அண்டா, தவலை, ஜல்லிக்கரண்டிகளோடு வண்டியில் வந்திறங்கிய ஒப்பந்தச் சமையற்காரரும், அவருடன் வந்த பதினைந்து இருபது பேரும். அவர்களுட் பலருடைய பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் எங்கே படுத்தார்கள், எந்தக் குழாயில் கை கழுவினார்கள் என்பதும் தெரியாது. நம் ஆகாரசுத்தி அவர்கள் கைகளில் இருக்கிறது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் பெரும்பாலும் பொருளைப் பார்த்தது. மிளகில் பப்பாளி விதை உண்டா, பாலில் நீர் உண்டா என்று சோதித்தது. அதனிடத்தில் வந்த 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் பொருளோடு சமைக்கும் இடத்தையும் சமைக்கும் ஆளையும் சேர்த்துப் பார்க்கிறது. உணவுத் தொழில் எது என்று வரையறுக்குமிடத்து, ஆதாயம் கருதியதாயினும் கருதாததாயினும் அது உணவுத் தொழிலே என்று அச்சட்டம் கூறுகிறது. 2011-இல் வந்த உரிம விதிகளோ, சமயக் கூட்டங்களிலும் சமுதாயக் கூட்டங்களிலும் உணவு வழங்குவோரைச் சிறு உணவு உற்பத்தியாளர் என்னும் வகுப்பில் பெயர் சுட்டியே சேர்த்துள்ளன. ‘நாங்கள் விற்கவில்லை, தருமத்துக்கு இடுகிறோம்’ என்னும் விடை செல்லாது. கோயில் பிரசாதக் கூடங்களுக்கென்றே ‘போக்’ என்றொரு திட்டம் உண்டு. தமிழகத்துத் திருக்கோயில்கள் பல அச்சான்றைப் பெற்றுள்ளன.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று வழங்கும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-இல் ‘ஃபோஸ்டாக்’ என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. உரிமம் பெற்ற உணவு நிறுவனங்களில் 25 பணியாளர்க்கு ஒருவர் என்னும் கணக்கில் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. தெருவோர வணிகர், விருந்துச் சமையலர், இனிப்புத் தயாரிப்போர், பால்பொருள் தயாரிப்போர் எனத் தொழிலுக்கேற்ற பாடங்கள் உண்டு. அடிப்படைப் பயிற்சி அரை நாளில் முடிவது. பின்னர் ஒரு தேர்வு. தேறியவர்க்கு 2 ஆண்டுகள் செல்லுபடியாகும் சான்றிதழ். முன்பு மாவட்டத் தலைநகருக்குச் சென்று கூடத்தில் அமர்ந்து கற்க வேண்டியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் இணையத்திற்கு மாறின. தொற்று தணிந்த பின்னும் அவ்வழக்கம் நிலைத்துவிட்டது.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. நாட்கூலிக்குச் சமைக்கும் ஒருவர் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் இழந்து நகரத்துக்குப் போய்ப் படித்திருப்பாரா? இப்பொழுது கைப்பேசியிலேயே வகுப்பு வருகிறது. வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் செய்து விற்கும் சகோதரியர் பலர் அடுப்படியை விட்டு அகலாமலே சான்றிதழ் பெற்றிருக்கின்றனர். தமிழிலும் வகுப்புகள் நடக்கின்றன. பணம் செலுத்திய அன்றே, வகுப்பும் தேர்வும் இன்றிச் சான்றிதழ் அனுப்புவதாகக் கூறுவோரிடம் மட்டும் விழிப்பாக இருங்கள். அது வெறுங்காகிதம்.

பயிற்சியில் என்னதான் கற்பிக்கிறார்கள், சமையல் தெரிந்தவர்க்கு இன்னும் கற்க என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. நம்மவர் கேட்கும் கேள்வி ஒன்று அதனினும் நுட்பமானது: ‘நம் அடுக்களையில் புலால் இல்லை, முட்டை இல்லை, கந்தமூலம்கூட இல்லை, பிறகு எங்கிருந்து நஞ்சு வரும்?’ இக்கேள்விக்கு நான் எப்பொழுதும் சோற்றைக் காட்டியே விடை கூறுவது வழக்கம்.

அரிசியோடு மண்ணிலிருந்தே கூடவரும் கிருமி ஒன்று உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்று அதற்குப் பெயர். உலை கொதிக்கும்பொழுது கிருமி மடிகிறது. அதன் வித்துகள் மடிவதில்லை. விதை மண்ணில் கிடப்பதுபோல் அவை சோற்றில் கிடக்கின்றன. சோறு ஆறி, கை பொறுக்கும் சூட்டிற்கு வந்ததும் முளைத்துப் பெருகுகின்றன. பெருகும்பொழுது நஞ்சொன்றை உமிழ்கின்றன. அந்நஞ்சு பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. உண்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி கண்டுவிடும். இது நாறாது, நிறம் மாறாது, நாவுக்கும் தெரியாது. ‘முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது’ என்று சமையற்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஏதுவான சூட்டில் கிருமி ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று கொள்வோம். ஒன்று, 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைக் கடந்துவிடும். விடியற்காலை 5 மணிக்கு வடித்துத் துணியில் கொட்டி மூடிய சோறு நண்பகல் 12 மணிக்கு இலைக்கு வருகிறதென்றால், இடைப்பட்டது அந்த 7 மணி நேரம்தான். சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே, கிருமிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. 5 பாகைக்கு மேல் 60 பாகைக்குக் கீழ் உள்ள வெப்பநிலையைப் பயிற்சியில் அபாய எல்லை என்று அழைக்கிறோம். சமைத்ததை 60 பாகைக்கு மேல் சுடச்சுட வைத்திருங்கள். அன்றேல் அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதற்கு வேண்டிய கருவி, சில நூறு ரூபாய் விலையுள்ள ஊசி வெப்பமானி ஒன்றே. ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பந்தல் அலங்காரம் செய்யும் விழாக்களில் அதை நான் கண்டது அரிது.

நம் பாட்டிமார் இவற்றைக் கிருமியின் பெயர் தெரியாமலே அறிந்திருந்தனர். நெடும்பயணத்துக்குப் புளியோதரையைக் கட்டிக்கொடுத்தார்களே, அதற்குக் காரணம் புளிப்பு கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கிறது என்பதுதான். இன்றைய விருந்துகளில் தயிர்சாதம் மாலைவரை புளிக்காதிருக்கப் பாலை மிகுதியாகவும் தயிரைப் பேருக்கும் சேர்க்கின்றனர். சுவைக்கு நல்லது, காவலாக இருந்த புளிப்பை நாமே விலக்கிவிட்டோம் என்பது மறந்துபோகிறது. சாம்பாரிலும் இதுபோல ஒன்று உண்டு. பெரிய அண்டாவை இறக்கி வைத்தால் மேற்பரப்பு ஆறிவிடும். நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே நிற்கும். காற்றில்லாத அந்த நடுவயிற்றில் பெருகுகின்ற கிருமிக்கு வேறு பெயர், வேறு குணம். உண்டு அரைநாள் கழித்து வயிற்றைப் பிசையும். அண்டாவைப் பிரித்து அகன்ற சிறு பாத்திரங்களில் ஊற்றுவது ஒன்றே வழி.

இராவுணவு நீக்கலும் பழையது விலக்கலும் நம் ஒழுக்கங்கள். அன்று சமைத்ததை அன்றே, பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வீட்டில் மேற்கூறிய ஆபத்துகளிற் பாதி தாமே விலகிவிடுகின்றன. நீரை வடிகட்டி அருந்தும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு செய்தி கூறவேண்டும். வங்கதேசத்தின் மட்லப் வட்டாரக் கிராமங்களில், ரீட்டா கால்வெல் என்னும் அமெரிக்க அறிவியலாளரின் குழுவினர், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டுமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003-இல் முடிவு வெளியாயிற்று. காலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிர்களின்மேல் ஒட்டி வாழ்கிறது. துணி அவ்வுயிர்களைத் தடுத்துவிடுகிறது. ஆயின் தனித்து நீந்தும் கிருமி துணியின் இழைகளூடே புகுந்துவிடும். ஆகவே வடிகட்டிய பின் காய்ச்சவும் வேண்டும். நுண்ணுயிர்களை நம் ஆகமங்கள் முன்பே கண்டுவிட்டன என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பெருமை இருக்கட்டும், பந்தியில் ஊற்றும் குடிநீர் காய்ச்சியதா என்று அன்றைக்குக் கேட்பவர் யார்?

ஓர் அன்பர் முன்பொருமுறை என்னைத் தனியே அழைத்து, கிருமிகளைக் கொல்லக் கற்பிக்கும் இத்தொழில் அகிம்சைக்கு ஒத்ததா என்று வினவினார். நல்ல வினா. பெருகிய பின் கொல்வதைவிடப் பெருகவிடாமல் காப்பது மேல் என்பதுதான் நம் யத்னாசாரம். மூடிவைப்பதும், காலத்தில் உண்பதும், ஈரத்தைத் துடைப்பதும் அதன் பாற்பட்டவையே. பயிற்சியில் கற்பிப்பதில் முக்காற்பங்கு இதுதான்.

பானகத்திலும் கரும்புச்சாற்றிலும் இடும் பனிக்கட்டியைப் பற்றி ஒரு சொல். உண்ணத்தகாத பனிக்கட்டிக்கு நீலநிறம் ஊட்டவேண்டும் என்று 2018-இல் ஆணையம் பணித்தது. நீலமாக இருப்பதை எக்காரணத்தாலும் குடிபொருளில் இடாதீர்கள். வெண்மையாக இருப்பதையும் யாரிடம் வாங்கினோம் என்று கேட்டறியுங்கள். இவ்விழாவின் சிறப்புப் பொருளே கரும்புச்சாறு ஆதலால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

இனி நான் சொல்ல வந்த மையப்பொருளுக்கு வருகிறேன். ஃபோஸ்டாக் திட்டம் வகுக்கப்பட்ட முறை இது: 25 பேருக்கு ஒருவர் கற்பார், கற்றவர் ஏனையோர்க்குக் கற்பிப்பார். முதற்பகுதி நிறைவேறுகிறது. சான்றிதழ் சட்டமிட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தொங்குகிறது. இரண்டாம் பகுதி பெரும்பாலான இடங்களில் நிகழ்வதே இல்லை. திரையின் முன் அமர்ந்தவர் உரிமையாளர் அல்லது கணக்குப் பார்ப்பவர். வெங்கலக் கரண்டி பிடித்தவர் அன்று அவ்வறையிலேயே இல்லை. காய் நறுக்கும் அம்மையாரும், பாத்திரம் துலக்கும் இளைஞனும், வடமாநிலத்திலிருந்து வந்து நம் மொழி அறியாமல் பந்தி பரிமாறுகின்றவனும் அப்பாடத்தில் ஒரு சொல்லும் கேட்டறியார்.

இன்னொன்று. வினாத்தாளில் ‘கை கழுவ எவ்வளவு நேரம்?’ என்று கேட்டால் ‘20 விநாடி’ என்று அனைவரும் சரியாகக் குறிக்கின்றனர். அடுக்களைக்குச் சென்று பார்த்தால், கை கழுவும் இடம் ஐம்பது அடி தொலைவில் இருக்கும். அங்கே வாளி இருக்கும், சோப்பு இராது. தெரிந்ததைச் செய்ய வழியில்லாத இடத்தில் தேர்வு மதிப்பெண்ணால் என்ன பயன்? கையுறை அணிந்தால் போதும் என்று எண்ணுகிறவர்களும் உளர். அதே கையுறையோடு வியர்வையைத் துடைத்து, கைப்பேசியை எடுத்துப் பேசி, மீண்டும் லட்டு பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். வெறுங்கை அழுக்கானால் பிசுபிசுக்கும், கழுவத் தோன்றும். கையுறைக்கு அந்த உணர்வும் இல்லை.

இவற்றையெல்லாம் முயன்றால் சீர்செய்யலாம். பெரிய திரை ஒன்றில் அனைவரையும் ஒன்றாக அமர்த்திப் பாடத்தைக் காட்டி, இடையிடையே நிறுத்தி, அடுக்களைக்கே அழைத்துச்சென்று செய்துகாட்டினால் திரைப்பாடம் கைப்பாடமாகிவிடும். நான் நடத்தும் வகுப்புகளில் இம்முறை நன்கு பயன் தருகிறது. எத்தகைய பயிற்சியாலும் சீர்செய்ய இயலாத ஒன்றும் உண்டு. அதைச் சொல்ல அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று உதவும்.

மேரி மேலன் அயர்லாந்திலிருந்து நியூயார்க்கிற்கு வந்து செல்வர் வீடுகளில் சமைத்து வாழ்ந்த பெண். 1906-ஆம் ஆண்டு கோடையில் ஆய்ஸ்டர் பே என்னும் கடலோர ஊரில் அவர் சமைத்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு கண்டது. ஜார்ஜ் சோப்பர் என்பார் துப்பறிந்து, அவர் முன்பு பணிசெய்த வீடுகளிலும் அந்நோய் தோன்றியதைக் கண்டுபிடித்தார். மேரியோ நல்ல உடல்நலத்துடன் இருந்தார். நோயின்றியே நோய்க்கிருமியைச் சுமப்பவர் உண்டு என்பதை அக்காலத்தில் மருத்துவர்களே புதிதாகத்தான் அறிந்திருந்தனர். ஒரு சமையற்காரப் பெண் எப்படி நம்புவார்? 1907-இல் அவரைப் பிடித்துத் தீவு ஒன்றில் தனியே வைத்தனர். 1910-இல், இனிச் சமைப்பதில்லை என்னும் வாக்கைப் பெற்று விடுவித்தனர். துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. அதில் கிடைத்த கூலி சமையலில் கிடைத்ததைவிடக் குறைவு. 1915-இல் நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் 25 பேருக்கு டைஃபாய்டு கண்டு இருவர் மாண்டனர். விசாரித்தால், அடுக்களையில் வேறு பெயரோடு நின்றவர் மேரி. மீண்டும் அதே தீவு. 1938-இல் அங்கேயே இறந்தார்.

உலகம் அவர் பெயரை வசைச்சொல்லாக்கிவிட்டது. அவர் செய்தது பெருந்தீங்கு, அதில் ஐயமில்லை. ஆனால் சமைக்காதே என்று கட்டளையிட்டவர்கள், சமைத்தால் கிடைக்கும் வருவாய்க்கு ஈடான வேறொன்றை அவர் கையில் தந்தார்களா? இக்கேள்வியை ஒவ்வொரு விழாவின் காலையிலும் நான் நினைத்துக்கொள்கிறேன். நம் சட்டத்தின் கீழுள்ள நான்காம் அட்டவணை, உணவைக் கையாள்வோர்க்கு ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கிறது. குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசி வேண்டும் என்கிறது. நோயுற்றவரை உணவருகே விடலாகாது என்கிறது. அவ்வாறு விலக்கப்பட்டவரின் அன்றைய கூலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

வயிற்றுப்போக்கோடு வந்த ஒருவர் எவரிடமும் சொல்லாமல் தேங்காய் துருவுகிறார். விரலில் புண் உள்ளவர் துணியைச் சுற்றிக்கொண்டு மாவு பிசைகிறார். அப்புண்ணிலுள்ள கிருமி உமிழும் நஞ்சும் சூட்டுக்கு அழிவதில்லை. பால்கோவாவிலும் லட்டுவிலும் அது சுகமாகத் தங்கும். அறியாமையால் அவர்கள் அப்படிச் செய்வதில்லை. சான்றிதழ் பெற்றவரும் அப்படியே செய்வார். சொன்னால் ‘வீட்டுக்குப் போ’ என்பார்கள். போனால் அன்றைய கூலி இல்லை. அடுத்த விழாவுக்கும் அழைப்பு வராது. இதுதான் உண்மை. இந்தப் பூட்டைத் திறக்கும் சாவி இணையத்தில் இல்லை. விருந்தளிப்பவராகிய நம் மடியில் இருக்கிறது.

கலிபோர்னியா மாநிலத்தில் 2011 முதல் உணவகப் பணியாளர் பெரும்பாலோர் வேலையில் சேர்ந்த 30 நாட்களுக்குள் பயிற்சி அட்டை பெறவேண்டும். இணையவழியிலேயே படித்துத் தேறலாம். கட்டணமும் நேரமும் பல ஆண்டுகள் தொழிலாளியின் தலையிலேயே விழுந்தன. 2024 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதனை மாற்றியது. கட்டணத்தை முதலாளி ஏற்கவேண்டும். படிக்கும் நேரத்துக்கு ஊதியம் தரவேண்டும். அந்நேரத்தில் வேறு வேலை ஏவலாகாது. எளிய நியாயந்தான், வர 13 ஆண்டுகள் ஆயின.

நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தானம் நான்கு என்று நம் பெரியோர் வகுத்தனர்: ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம். ஆகாரதானம் ஒன்றை மட்டும் மலர்தோறும் படமாக அச்சிடுகிறோம். சமைப்பவருக்குப் பயிற்சிக் கட்டணம் கட்டினால் அது சாத்திரதானம். தடுப்பூசி போட்டுவிட்டால் ஔடததானம். ‘உடம்பு சரியில்லை ஐயா’ என்று ஒருவர் கூலி இழக்கும் அச்சமின்றிச் சொல்ல இடங்கொடுத்தால் அது அபயதானம். நால்வகைத் தானமும் ஒரே அடுக்களைக்குள் செய்து முடிக்கலாம். அன்னத்தின் செலவோடு ஒப்பிட்டால் ஏனைய மூன்றின் செலவு மிகச் சிறிது.

பொறுப்பாளர்களிடம் இதைக் குறித்துச் சென்ற மாதமே உரையாடினேன். சமையல் ஒப்பந்தம் எழுதும்பொழுது, 20 பேர் வேலைக்கு 22 பேரின் கூலியைக் கணக்கிட்டு எழுத அவர்கள் இசைந்திருக்கிறார்கள். எவரேனும் நோயென்று விலகினால் அவருக்கும் அன்றைய கூலி உண்டு. அவர் இடத்தில் நிற்பவருக்கும் உண்டு. விழாவின் காலையில் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே, தாழ்ந்த குரலில், வயிறு எப்படி, கையில் புண் உண்டா என்று கேட்பார். பலர் முன்னிலையில் கேட்டால் உண்மை வராது. அடுக்களை வாயிலிலேயே இரண்டு குழாய்களும் சோப்பும் அமைக்கப் புரவலர் ஒருவர் முன்வந்திருக்கிறார். தம் பெயரைக் கல்லில் வெட்டவேண்டா என்றும் கூறிவிட்டார். சோற்றை ஒரே ஈட்டில் வடிக்காமல் பந்திக்குப் பந்தி வடிப்பதற்குக் கூடுதலாக ஓர் அடுப்பு தேவைப்படும். அதற்கு விறகோ எரிவாயுவோ சற்று மிகுதியாகச் செலவாகும் என்று தலைமைச் சமையற்காரர் சொன்னார். அவர் சொன்னது சரியே. அச்செலவை ஏற்பதுதான் முறை.

பயிற்சி வகுப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு நம் பாடசாலைக் கூடத்தில் தொடங்கும். இணையவழி வகுப்பைப் பெரிய திரையில் காட்ட ஏற்பாடாகியிருக்கிறது. சமையற்காரர், உதவியாளர், பாத்திரம் துலக்குவோர், பரிமாறும் தொண்டர்கள் அனைவரும் வரலாம். நாட்கூலியாளர்க்கு அன்றைய கூலியை அறக்கட்டளை அளிக்கும். இந்தி மட்டும் அறிந்த பணியாளர் ஐவர் உள்ளனர். அவர்களுக்கு அருகிலிருந்து விளக்க நம் சமூகத்துக் கல்லூரி மாணவியர் இருவர் ஒப்புக்கொண்டுள்ளனர். தேர்வை அவரவர் கைப்பேசியிலேயே எழுதலாம். கைப்பேசி இல்லாதவர்க்கு அலுவலகத்தில் தருவார்கள். அடையாள அட்டையின் படி ஒன்றும் ஒளிப்படம் ஒன்றும் கொண்டுவரவேண்டும். பெயர்களை அலுவலகப் பதிவேட்டில் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.